கடதாசியில் அறுபத்திரண்டு

அண்ணைக்கு இரத்தத்தில் புற்றுநோய் என்று கண்டபிறகு, அந்தக் குளிர்காலம் முழுவதும் ஆஸ்பத்திரி எங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. சுகாதார அட்டையைக் காட்டினால் போதும். சாய்கதிரையில் இருத்தி, கையில் மருந்தை ஏற்றி, சூடாக்கிய போர்வையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார்கள். எங்கள் செலவு கார் நிறுத்துவதற்கும் கோப்பிக்கும்தான். பக்கத்துக் கதிரையில் இருந்தவர் ஒரு கம்பனி முதலாளி என்று அவருடைய தொலைபேசிப் பேச்சில் தெரிந்தது. அவருக்கும் அதே போர்வைதான்.

பனி கரைந்த நாட்களில் டொக்டர் நல்ல செய்தி என்றார். இரத்தம் தேறிவிட்டது, இனி இங்கே வந்து கிடக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே குளிசை விழுங்கலாம். மச்சாள், அண்ணையின் மனைவி, டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு நேரே ரொறன்ரோ அஜின்கோர்ட்டில் எங்கள் வழக்கமான மருந்துக்கடைக்குப் போனோம். அங்கே மருந்து கொடுப்பவள் இந்த நாட்டில் பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. விலையை வாயால் சொல்லாமல் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். ஒரு மாதக் குளிசையின் விலை அண்ணையின் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் மேல்.

ஆஸ்பத்திரியில் சும்மா தந்தார்களே என்று மச்சாள் கேட்டார். அது ஆஸ்பத்திரிக்குள், இது வீட்டில் விழுங்குவது என்று அந்தப் பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். நாளத்தால் போனால் அரசாங்கம், தொண்டையால் போனால் நீங்கள். அறுபத்தைந்து வயது தாண்டினால் தொண்டைக்கும் அரசாங்கம் கொடுக்கும்.

மச்சாளின் முகம் தெளிந்தது. "அப்ப பிரச்சினை இல்லைப் பிள்ளை. இவருக்கு அறுபத்தாறு எல்லோ."

"இல்லை அன்ரி. சிஸ்டத்தில அங்கிளுக்கு சிக்ஸ்ரி ரூ."

மச்சாள் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை அவருடைய முழங்கையைத் தொட்டார். "ஓம் பிள்ளை, அறுபத்திரண்டுதான். இவவுக்குக் கணக்குப் பிழைச்சுப்போச்சு."

கணக்குப் பிழைக்கவில்லை. அண்ணையை ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பிய ஏஜென்ற், இருபத்தெட்டு வயதுக்காரரை இருபத்துநான்கு வயது மாணவனாக்கித்தான் கடவுச்சீட்டுச் செய்தான். மாணவன் என்றால் வழியில் மறிக்கமாட்டார்கள் என்பது அவனுடைய கணிப்பு. ரொறன்ரோ விமான நிலையத்தில் இறங்கிய அண்ணை கடவுச்சீட்டில் இருந்த அதே பிறந்த திகதியையே சொன்னார். சொன்னதை மாற்றப் பயம். அகதிக் கோரிக்கை, நிரந்தர வதிவிடம், பிரஜாவுரிமை, மச்சாளை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டது எல்லாம் அந்தத் திகதியில்தான் நடந்தன.

நான் அண்ணையிலும் இரண்டு வயது இளையவன். கடதாசியிலோ இரண்டு வயது மூத்தவன். பார்க்டேலில் ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்த காலத்தில், கூட இருந்தவர்கள் நித்திரையில் கிடக்கும் என்னைக் காட்டி, "உன்ர அண்ணரை எழுப்படா, வேலைக்கு நேரமாகுது" என்று அண்ணையைச் சீண்டுவார்கள். அண்ணையும் பவ்வியமாக வந்து, "எழும்புங்கோ அண்ணை" என்று என் காலைச் சுரண்டுவார். நாலு வயது குறைந்ததை அப்போது எல்லோரும் இலாபமாகத்தான் பார்த்தோம்.

தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பொது மருத்துவமா, தனியார் மருத்துவமா என்ற வாதத்தை எத்தனையோ தேர்தல்களில் பக்கம் நிரப்பப் போட்டிருக்கிறேன். பணக்காரருக்கு ஓர் ஆஸ்பத்திரி, ஏழைக்கு இன்னொன்று என்ற படம்தான் அப்போது என் மனதில் இருந்தது. இரண்டும் ஒரே மனிதரின் உடம்புக்குள் இருக்கக்கூடும் என்று நான் எழுதியதில்லை.

அண்ணைக்கு வேலையிடத்துப் பெனிபிற்ஸ் இருந்தது. பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலை. அந்தக் காப்புறுதி குளிசையின் பெரும்பங்கைக் கட்டும். ஆனால் சுகயீன விடுப்பு ஓர் அளவைத் தாண்டினால் காப்புறுதி நின்றுவிடும். அந்த அளவு குளிர்காலத்திலேயே ஏறக்குறைய முடிந்திருந்தது. மருந்துச் செலவு கூடியவர்களுக்கு மாகாண அரசின் திட்டம் ஒன்றும் உண்டு. அதையும் விசாரித்தோம். குடும்ப வருமானத்தில் ஒரு பங்கை முதலில் நாங்கள் கட்டவேண்டும், மிச்சத்தை அது கட்டும். அந்த முதல் பங்குக்குச் சம்பளம் வேண்டும். வீட்டுக் கடன் புதுப்பித்ததில் வட்டி ஏறியிருந்தது. மச்சாளின் சம்பளம் அதற்கே காணாது. முதியோர் பென்சன் வரவும் அதே அறுபத்தைந்து வேண்டும். எந்தப் பக்கத்தால் கூட்டினாலும் அண்ணை வேலைக்குப் போகவேண்டும் என்றுதான் விடை வந்தது. மருந்து வேண்டுமென்றால் வேலை செய்யவேண்டும். பிறகு வேலை செய்ய முடியாமல் ஆக்கியதும் அந்த மருந்துதான்.

தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரிடம் போனோம். பிறப்புச் சான்றிதழைக் கொண்டு திகதியைத் திருத்தும்படி கேட்கலாம் என்றார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, ஏன் பிழையான திகதி கொடுத்தீர்கள் என்று குடிவரவு அதிகாரிகள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். திகதி பொய்யென்றால் வேறு எது பொய்யென்று தோண்டுவார்கள். பிரஜாவுரிமைவரை போகலாம், போகாமலும் விடலாம், உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

காரில் ஏறியதும் அண்ணை சொன்னார். "விடு. உதைக் கிளறினா மனுசியின்ர பேப்பரும் சேர்ந்து வரும்."

அண்ணை வேலைக்குத் திரும்பினார். சில வாரங்களில் விரல் நுனிகள் விறைத்துப்போயின. பெட்டி வெட்டும் கத்தி பட்டதே அவருக்குத் தெரியவில்லை. பெட்டியில் இரத்தத்தைக் கண்டு பக்கத்தில் நின்றவர்தான் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு கூட வேலை செய்யும் எங்கள் ஆட்கள் மேற்பார்வையாளர் காணாமல் கத்தி வேலையைத் தங்கள் பக்கம் எடுத்துக்கொண்டார்கள். "இளந்தாரி, நீர் ரேப்பை மட்டும் ஒட்டும்" என்று பகிடியும் விட்டார்கள்.

ஒருநாள் மச்சாள் என்னை மட்டும் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தார். கதிரையில் இருக்காமல் குசினி வாசலில் நின்றார்.

"தம்பி, உங்களுக்கு வாற வருஷம் அறுபத்தைஞ்சு. மருந்தை உங்கட பேரில எழுதுவிக்கேலாதோ?"

அந்தப் புற்றுநோய் எனக்கு இருப்பதாக ஆஸ்பத்திரி சொல்லவேண்டும், இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் ஓம், ஓம் என்று தலையாட்டினார். அது நடக்காது என்பது கேட்க முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. வேறு யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த முறை டொக்டரிடம் அண்ணையோடு நான் போனேன். அண்ணையின் ஆங்கிலம் வேலையிடத்துக்குப் போதும், டொக்டருக்குப் போதாது. நான்தான் மொழிபெயர்ப்பேன். டொக்டர் முதலில் கேட்டதே கைகளைப் பற்றி. இந்தக் குளிசை நரம்பைத் தாக்கும், விறைப்பு இருக்கிறதா, இருந்தால் மருந்தை நிறுத்திப் பார்க்கவேண்டும், வேலைக்கும் போகக்கூடாது என்று எழுதித் தருகிறேன் என்றார். நல்ல மனிதர். அவர் அதை உதவியாகத்தான் சொன்னார்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணை இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். கட்டிடத்துக்குள் வரும்போது அவருடைய ஜக்கெற் பொத்தானை நான்தான் கழற்றிவிட்டிருந்தேன்.

"ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."

"அண்ணை, மருந்து நரம்பைத் திண்டுபோடும். பிறகு திருப்பி வராது."

"கை போனா பரவாயில்லை. விடுப்பு எழுதினா குளிசை போகும். சொல்லு."

இரண்டு பேர் பேசுவதை அப்படியே எழுதுவதுதான் என் தொழிலாக இருந்தது. டொக்டர் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். ஏதாவது இருக்கிறதா என்று மறுபடி கேட்டார்.

ஒன்றும் இல்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் தட்டச்சுச் செய்தார். மிகவும் சந்தோஷம், இதே அளவில் தொடரலாம் என்றார். அதையும் அண்ணைக்குத் தமிழில் சொன்னேன்.