கப்பலுக்குக் காட்டிய கற்பூரம்

அப்பாவின் முதலாண்டு நினைவில் இம்மலரைக் கையில் எடுக்கும் உறவுகளே, மூத்த மகளாகிய நான் அவர் வாழ்வைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு கப்பலின் கதையையும் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு அவரைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அப்பா யாழ்ப்பாணக் கரையோரத்து வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். எழுபதுகளின் தொடக்கத்தில், தம்பி அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது, தனியாக மெல்பேர்ண் வந்து கப்பல் உடைக்கும் துறை ஒன்றில் இரும்பு வெட்டும் வேலையில் சேர்ந்தார். ஒழுங்காக வேலை செய்தால் எங்களை அழைக்க முதலாளி பொறுப்பு நிற்பார் என்பது பேச்சு.

அங்கே வந்து சேர்ந்தது விக்டோரியா மகாராணி காலத்துப் போர்க்கப்பல் ஒன்று. மூன்று பாய்மரம், நடுவே புகைபோக்கி. காற்றிருந்தால் பாயிலும், இல்லாவிட்டால் நிலக்கரியிலும் ஓடியது. இந்த மெல்பேர்ண் குடாக்கடலைக் காக்கவென்று இங்கிலாந்திலிருந்து வந்து, வராத எதிரிக்காகப் பல காலம் காத்துக் கிடந்தது. அதன் பீரங்கிகள் மரியாதை வேட்டுக்கு மட்டுமே முழங்கினவாம். பிறகு மாலுமிகளைப் பழக்கும் கப்பலானது. வயது போனதும் பாய்மரங்களை வெட்டி, இயந்திரத்தைக் கழற்றி, மற்றக் கப்பல்களுக்கு நிலக்கரி சுமக்க விட்டார்கள். அப்பா சொல்லிச் சொல்லி இதெல்லாம் எங்களுக்கும் பாடமாகிவிட்டது.

அப்பாவின் குடும்பத்தில் பழைய கப்பலைக் கலைக்குமுன் அதற்குக் கற்பூரம் காட்டிக் கும்பிடுவது வழக்கம். முதல் வெட்டு வெட்டப்போன காலையில் அப்பாவும் அதன் தளத்தில் கற்பூரம் கொளுத்தினார். காற்று அதைத் தூக்கி நிலக்கரி அறைக்குள் போட்டது. அடியில் கிடந்த கரித்தூள் பற்றி மாலை வரை எரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் அப்பாவுக்கு வேலை போயிற்று, நாங்கள் வரும் வழியும் அடைபட்டது. எரிந்த கூட்டை அலைதடுப்பாகக் கரையோரம் பாதி அமிழ்த்திவிட்டார்கள்.

கம்பளிக் கிடங்கில் மூட்டை சுமந்து அப்பா எங்களைக் கூப்பிட மேலும் சில ஆண்டுகள் சென்றன. விமான நிலையத்தில் தம்பி அவரை "அங்கிள்" என்றான். அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வீடு வந்ததும் அம்மா வெடித்தார்.

"பழங்கப்பலுக்குக் கற்பூரம் காட்டப்போய் என்ரை பிள்ளைக்குத் தகப்பன்ரை முகம் தெரியாமல் பண்ணிப்போட்டியள்."

"அவ்வளவு காலம் உழைச்ச கப்பலை ஒரு கும்பிடு போடாமல் வெட்டேலுமே?"

அதன்பின் எங்கள் வீட்டில் சாமிக்கு எண்ணெய் விளக்கு மட்டுந்தான். கற்பூரம் என்ற பேச்சையே எடுக்க முடியாது.

நெஞ்சுநோய் முற்றிப் படுத்திருந்தபோது அப்பா என்னிடம், "சாம்பலை அந்தக் கப்பலடியிலை கரையுங்கோ. கற்பூரம் வேண்டாம், கொம்மாவுக்குப் பிடிக்காது" என்றார். எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது.

மருத்துவமனையில் மாறி மாறிக் காத்திருந்த நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்த அன்ரிமாருக்கும், ஊரிலிருந்து தந்தியடித்தவர்களுக்கும் எங்கள் நன்றி. எங்களைக் கடலுக்கு ஏற்றிச் சென்ற படகுக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பி சாம்பலைக் கரைத்ததும் அம்மா கைப்பையிலிருந்து சிறு தட்டத்தையும் கற்பூரத்தையும் எடுத்தார். நாங்கள் திகைத்து நிற்க, படகுக்காரர் இயந்திரத்தை நிறுத்தித் தன் தொப்பியால் காற்றை மறித்துக் கொடுத்தார். துருப்பிடித்த அந்தக் கூட்டை நோக்கி, கற்பூரம் எரியும் தட்டத்தை அம்மா ஏந்தினார்.

"இஞ்சாருங்கோ," என்று அப்பா கரைந்த தண்ணீரைப் பார்த்துச் சொன்னார், "உங்கடை கப்பலுக்கும் சேர்த்துத்தான்."