கார்த்திகா சுற்றாத டேப்

எங்கள் கிருமாம்பாக்கத்தில் வேலை கிடைத்தாலும் பேனர், காது குத்தினாலும் பேனர். மளிகைக்கடை நமச்சிவாயத்தின் மகள் கார்த்திகாவுக்குச் சென்னைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும், கடலூர் ரோட்டில் ‘டாக்டர் கார்த்திகா’ என்று பேனர் எழுந்தது. அவள் சேர்ந்ததோ, அடிபட்ட விளையாட்டு வீரர்களைப் பயிற்சி கொடுத்துத் தேற்றி மறுபடி களத்தில் இறக்கும் படிப்பு.

"அப்பா, நான் டாக்டர் இல்லப்பா."

"காலு கையப் பாக்குறவங்கள வேற இன்னான்னு சொல்றது?" என்று மனிதர் அவள் வாயை அடைத்துவிட்டார். எதிர்வீட்டுக்காரியான எனக்கு அப்போது சிரிப்புத்தான் வந்தது.

போன பொங்கல் லீவில் அவளும் சும்மா இருக்கவில்லை. படித்ததைச் செய்து பார்க்கும் ஆசையில் ஊர்க் கபடி டீம் பையன்கள் காலுக்கெல்லாம், மூட்டுக்குப் பிடிமானமாக ஒட்டும் டேப் சுற்றிவிட்டாள். டீம் சோரியாங்குப்பத்தைத் தோற்கடித்துக் கப்போடு வந்தது. அன்றிலிருந்து ஊருக்கு அந்த டேப்தான் சாமி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

இந்தப் பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால், டீமில் ஆடும் அவள் தம்பி நரேஷுக்கு முட்டி பிசகி வீங்கியது. லீவுக்கு வந்தவளுக்குத் தொட்டுப் பார்த்ததுமே முகம் செத்துவிட்டது. உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கும், ஸ்கேன் எடுக்க வேண்டும், இப்போது ஆடினால் முழுசாக அறுந்துவிடும் என்றாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை. டேப் சுற்றச் சொல்லும்போது டாக்டர். ஆடாதே என்றால் சின்னப் பெண். கேப்டன் புகழ்வேந்தன் அவள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாக்கா, ஒரு சுத்து சுத்தி வுடு போதும். மத்தத அவன் பாத்துக்குவான்."

"டேப்பு வலியத்தான் மறைக்கும் புகழு. ஜவ்வு அறுந்தா அதால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஊரே கேக்குதும்மா. என் மானத்த வாங்காத" என்றார் அப்பா.

பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். டேப் இல்லாவிட்டால் தம்பி பயந்து உட்கார்ந்துவிடுவான் என்று நம்பி, அத்தனை சுருளையும் எங்கள் வீட்டு அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தாள்.

காணும் பொங்கலன்று நரேஷ் பழைய வேட்டியைக் கிழித்து முட்டியில் கட்டிக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினான். முதல் ரைடிலேயே, கோட்டுக்குத் திரும்பியவன் அலறிக்கொண்டு விழுந்தான்.

ஆபரேஷன் ஆயிற்று. அக்காக்காரி டேப் சுற்றியிருந்தால் கால் நின்றிருக்கும் என்று ஊர் முழுக்க ஒரே பேச்சு. "கூடப் பொறந்தவளே கை வுட்டுட்டா" என்று பெற்ற தாய் உமையாளே என்னிடம் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை நன்றாகக் கேட்டுவிட்டேன்.

இப்போது கார்த்திகா வாரா வாரம் பஸ் பிடித்து வந்து தம்பிக்குப் பயிற்சி கொடுக்கிறாள். அவன் அவளோடு பேசுவதில்லை. சொன்னபடி காலை மட்டும் நீட்டுவான், மடக்குவான். போன ஞாயிறு நான் அங்கே இருந்தபோதுதான் முதல்முறையாகப் பேசினான்.

"அக்கா, அடுத்த பொங்கலுக்கு ஆடலாமா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "ஒழுங்கா செஞ்சா ஆடலாம்டா."

"அப்ப இந்தத் தடவயாவது டேப்பு சுத்தி வுடுவ இல்ல?"

ஊரார் சொன்னதையேதான் இவனும் நம்பிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.