ஆறாவது கோப்பை

அந்த ஜெர்மன்கார அம்மா எங்கள் பட்டறைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து பட்டறைக்கு நடந்தே போய்விடலாம். ஓட்டல்களுக்கான பீங்கான் தட்டுகளில் பூ வரைந்து சூளையில் சுடுவது வேலை. மூன்று வருடமாக ஒரே ரோஜா. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்.

கணவரின் வேலைக்காக வைட்ஃபீல்டில் குடியிருந்த அந்த அம்மா ஒரு பெட்டியைத் திறந்தார். ஐந்து காபிக் கோப்பைகள். ஆறாவது துண்டு துண்டாக. ஒவ்வொன்றிலும் ஒரு பறவை. இருநூற்றைம்பது வருடங்களுக்கு முன் அவர் ஊரில் வாழ்ந்த ஒரு பீங்கான் ஓவியரின் பறவைகளைப் பார்த்துப் பின்னாளில் யாரோ வரைந்தவையாம். உடைந்ததைப் போலவே ஒன்று வேண்டும் என்றார்.

முதலாளி தலையை ஆட்டினார். "இது நம்மால ஆகாது மேடம்."

"நான் செய்றேன் சார்," என்றேன்.

"ஸ்வல்ப யோசிச்சுப் பேசும்மா. இது ரோஜா இல்ல," என்றார் முதலாளி, கன்னடம் கலந்த தமிழில்.

"அதனாலதான் சார் கேக்கறேன்!"

சனிக்கிழமைதோறும் அந்த அம்மா ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். அந்த ஓவியரின் வாழ்க்கை அதில் இருந்தது. நான் வரைய வரைய, அவர் ஒவ்வொரு பக்கமாக ஆங்கிலத்தில் சொல்வார். நெசவாளியின் மகன். பன்னிரண்டு வயதில் பீங்கான் ஆலையில் சேர்ந்து ஆறு வருடம் தட்டு விளிம்பில் கோடு மட்டுமே இழுத்தவர். பிறகு பூக்கள். பிறகுதான் பறவைகள். வண்ணக் கலவை அரசனின் ரகசியம் என்பதால் ஓவியர்கள் அனுமதியில்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது. இவரோ மனைவியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து நாட்டு ஆலைக்கு ஓடிவிட்டார்!

"அப்புறம்?" என் தூரிகை அந்தரத்தில் நின்றது.

"பிடித்துவிட்டார்கள். சிறை."

"ஐயோ!"

"சில மாதங்கள்தான். அவரைப் போலப் பறவை வரைய வேறு ஆள் இல்லை. வெளியே விட்டு, ஓவியர்களுக்கெல்லாம் தலைவராக்கினார்கள்."

நான் கைதட்டிவிட்டேன். பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முதல் கோப்பையில் நீலம் வழிந்தது. இரண்டாவதில் மார்பின் இளஞ்சிவப்பு பழுப்பாகிப் போனது. அந்த நிறத்தில் தங்கம் கலந்திருக்கிறது, சூடு குறைந்தால் மலராது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது கோப்பையைச் சூளையிலிருந்து எடுத்தேன். பறவை அப்படியே உயிரோடு உட்கார்ந்திருந்தது! ஆனால் வாலுக்குக் கீழே, மெருகில் ஒரு கறுப்புப் புள்ளி. சூளைத் தூசி.

அழுகை முட்டியது. என்ன தோன்றியதோ, அந்தப் புள்ளிக்கு இரண்டு இறக்கையும் ஆறு கால்களும் வரைந்து ஈயாக்கி, மறுபடி சுட்டேன்.

சனிக்கிழமை அந்த அம்மா கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த ஈ?"

உண்மையைச் சொன்னேன். அவர் புத்தகத்தை அவசரமாகப் புரட்டி ஒரு படத்தை என் முன் நீட்டினார். அந்த ஓவியர் வரைந்த தட்டு. ஓரத்தில் சம்பந்தமே இல்லாமல் ஒரு பொன்வண்டு. "இந்த வண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது தெரியுமா? சூளை விட்ட புள்ளி. அந்த ஆலையில் எல்லோரும் இப்படித்தான் மறைத்தார்கள்!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லையே!

மத்தியானம் வீட்டுக்கு ஓடிப்போய் என் அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன். "கப்புல ஈயா? அதுல யாருடி காபி குடிப்பா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

அந்த ஜெர்மன்கார அம்மா தன் தோழிகளை அழைத்து வந்தார்; அவர்களும் பறவைக் கோப்பைகள் கேட்டார்கள். முதலாளி ஜன்னலோரம் எனக்குத் தனி மேசை போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமை அதில் உட்கார்ந்து மரங்கொத்தி ஒன்றை ஆரம்பித்தேன்.