மடக்காமல் விட்ட பின்

என் மேசை இழுப்பறையில், தலைவலித் தைலம் வாங்கிய ஒரு சின்னத் தகர டப்பா பன்னிரண்டு வருடங்களாக இருந்தது. அதற்குள் ஒரு ஸ்ப்ளிட் பின். பெண்கள் தலையில் குத்தும் ஹேர்பின்னைப் போல இரண்டு கால் உள்ள கம்பித் துண்டு, சுண்டு விரலில் பாதி நீளம். நட்டு மாட்டிய போல்ட்டின் துளையில் அதை நுழைத்து, இரண்டு கால்களையும் எதிரெதிராக மடக்கிவிட்டால் வண்டி எவ்வளவு அதிர்ந்தாலும் நட்டு கழலாது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த டப்பாவைத் தூக்கிப் போடவும் எனக்குப் பயம், திறந்து பார்க்கவும் பயம். இழுப்பறையைத் திறக்கும்போது அது உருளும் சத்தம் கேட்டாலே மூடிவிடுவேன்.

அந்தப் பின் என் மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை அவன் பைக் நிற்காத கிளினிக் கிடையாது. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்தேன். அனகாபுத்தூரில் யாரோ ஒருவர் வீட்டின் பின்புறம், ஆற்று வெள்ளம் விட்டுப்போன சேறோடு கிடந்த இரட்டை சிலிண்டர் பந்தய பைக் ஒன்றை அவன் கண்டுபிடித்தான். அந்தக் காலத்தில் அது போகும் சத்தத்துக்கே தெருவில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். குட்டி யானை வேனில் ஏற்றி, மாடம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கினான். அவன் குடியிருந்தது மூன்றாவது மாடி. எங்களிடம் ஷெட் இருந்தது, கார் இல்லை.

பதினான்கு மாதம், ஞாயிறுதோறும் வேலை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தேன். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், படம். திரும்ப மாட்டியதும் நான் கண்ணால் பார்த்து டிக் போடுவேன். நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், "மாமா, பாடம் எடுக்காதீங்க, ஸ்பேனரை எடுங்க" என்பான். ஆனால் அந்த நோட்டின் மேல் அவனுக்கு அபார பக்தி. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "மாமா டிக் போட்டா கடவுளே கையெழுத்து போட்ட மாதிரி" என்பான்.

ஆயுத பூஜை அன்று மதியம் கடைசி வேலை. பின் சக்கரத்தின் பிரேக் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றுவிடாமல் ஒரு கம்பி பிடித்து நிற்கும். அது கழன்றால், பிரேக் பிடிக்கும்போது தகடு சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும். அந்தக் கம்பியின் நட்டை அவன் முடுக்கினான். "பின்னை மட்டும் நீங்க போட்டுடுங்க மாமா, நான் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனான். நான் முதலில் டிக் போட்டேன். முப்பத்தைந்து வருடம் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட கை அது. டிக் போட்டுவிட்டுத் திரும்பினால் பின்னை மடக்கக் கட்டிங் பிளேயர் இல்லை. என் மனைவி ஸ்பேனர், சுத்தியல், பிளேயர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிட்டிருந்தாள். வைத்த ஆயுதத்தை மறுநாள் காலைவரை தொடக் கூடாது.

எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. "இரு, ஒரு வேலை பாக்கி இருக்கிறது" என்று சொல்லி எடுத்திருக்கலாம். சொன்னால், பார்க்காமலே டிக் போட்டது தெரிந்துபோகும். மறுநாள் ஒன்பது மணிக்குத்தானே வண்டியை எடுக்கப் போகிறோம், காலையில் நடைப் பயிற்சி முடித்து வந்து மாட்டிவிடலாம் என்று பின்னைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பையில் அதை வைத்துக்கொண்டே பூஜையில் நின்று கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

விஜயதசமி காலை நடைப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, கேட்டுக்கு அருகே இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. ஷெட் காலி.

"தம்பி ஆறரைக்கே வந்துட்டான். மாமாவுக்கு சர்ப்ரைஸ்னு சொல்லி எடுத்துட்டுப் போனான். கோயிலைச் சுத்திட்டு பெருங்களத்தூர் வரைக்கும் போயிட்டு வரேன்னான்" என்றாள் மனைவி.

அவனுக்கு போன் செய்தேன். மணி எங்கள் ஷெட்டிலேயே அடித்தது. அலமாரித் தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஸ்கூட்டரை எடுத்தேன். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, "நீலக் கலரு வண்டிதானே? பத்து பேருக்கு டுர்ரு டுர்ருன்னு முறுக்கிக் காட்டிகினு இருந்தாரு. இப்பதான் போனாரு சார்" என்றாள். கேம்ப் ரோடு வழியாகத் தாம்பரம் வந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினேன். பண்டிகைக் கூட்டம், பஸ்கள் நகரவில்லை. என் படிப்பு எனக்கு உதவவில்லை, வதைத்தது. அந்த எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் முறை அதிரும், ஒவ்வொரு அதிர்வுக்கும் நட்டு முடியளவு திரும்பினால் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. ஒவ்வொரு சிக்னலிலும் அவன் பிரேக்கை மிதிப்பது என் காலில் தெரிந்தது. எதிரில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். கடவுளிடம் அவன் உயிரைக் கேட்டேன். அதே மூச்சில், யாருக்கும் தெரியக் கூடாது என்றும் கேட்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டேன் என்பதை இப்போதுதான் எழுதுகிறேன்.

பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்கு முன்னால் கூட்டம். ஸ்கூட்டரை நிறுத்தத் தெரியாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன். ஓர் ஆட்டோக்காரர் என் தோளைப் பிடித்தார்.

"உன் ஆளா பெருசு? பதறாத, உயிரோடதான் கீறாரு. பின் சக்கரம் அப்டியே பூட்டிகிச்சு. பின்னால வந்த பஸ்காரன் பிரேக்க போட்டான், இல்லாங்காட்டி அவ்ளோதான்."

வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் கேட்டது அந்த நோட்டைத்தான். கொண்டுபோய்க் காட்டினேன். அந்த வரியில் விரலை வைத்தான்.

"பின் போட்டதுக்கு டிக் இருக்கே மாமா. அப்ப நட்டை நான்தான் ஒழுங்கா முடுக்கலை. மரை தேஞ்சு பின்னோட பிச்சுகிட்டுப் போயிருக்கு."

நான் அவன் தலையணையைச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன். அந்தப் பின் அப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது.

மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகும் கால் மடங்கவில்லை. பைக் ஓட்ட முடியாதவனுக்கு அந்த வேலை ஏது? மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலைக்குப் போனான். கல்யாண வீடுகளில் யாராவது காலைப் பற்றிக் கேட்டால், அவனே சிரித்துக்கொண்டு சொல்வான்: "ஒரு நட்டை முடுக்கத் துப்பில்லாதவன் நான். மாமா மட்டும் கரெக்டா டிக் போட்டிருந்தாரு." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் இலையைப் பார்த்துக்கொண்டு சிரிப்பேன். பன்னிரண்டு வருடம், இந்த வாக்கியத்தை அவன் எப்போது ஆரம்பிப்பான் என்று பயந்துகொண்டே பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன்.

போன மாதம் வந்திருந்தான். ஷெட்டில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டியைத் தட்டிக்கொடுத்து, "இதை மறுபடி எழுப்பலாமா மாமா? ஆனா ஒண்ணு, இந்த தடவை நட்டை நான் தொட மாட்டேன். நீங்களே முடுக்குங்க" என்றான். கேலி இல்லை. மனதாரச் சொன்னான். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமம் வைத்த பிளேயர், டிக், சட்டைப் பை, தலையணை.

பின்னைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

எழுந்து, காலை இழுத்துக்கொண்டு மறுபடி ஷெட் பக்கம் போனான். பின்னால் போக எனக்குத் துணிவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. 'வரேன்' என்று சொல்லாமல் அவன் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது அதுதான் முதல் முறை.

அதன்பின் அவன் வரவில்லை, போனும் இல்லை. மூன்றாம் நாள்தான் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். நட்டு பறந்துபோன அந்தப் போல்ட்டின் துளையில் பின் செருகப்பட்டிருந்தது. இரண்டு கால்களையும் மடக்காமல் விட்டிருந்தான்.

இன்று ஆயுத பூஜை. டப்பா காலியாக மேசைமேல் இருக்கிறது. மனைவி சாமி முன்னால் பலகையைக் கழுவி வைத்துவிட்டாள்.

"கட்டிங் பிளேயர் எங்கே? பொட்டு வைக்கணும். தம்பி வருவான்ல?"

"இரு, ஒரு வேலை பாக்கி இருக்கு" என்றேன்.

"நல்ல நாளும் அதுவுமா அப்படி என்ன வேலை?"

ஷெட்டில் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பிளேயர் என் கையில் இருக்கிறது. அந்தப் பின்னின் கால்களை நானாக மடக்கப் போவதில்லை. அவன் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். தெருவில் யாரோ காலை இழுத்து நடப்பது போலக் கேட்கும்போதெல்லாம் எழுந்து கேட்டைப் பார்க்கிறேன்.