லிஃப்டில் நின்ற ஓய்வுநாள்

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். எங்கள் சர்ச்சின் சபைக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். ஆண்டவர் பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டதில் அவருக்குச் சின்ன வருத்தம் உண்டு. அதனால் பதினொன்றாவதை அவரே எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்: ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமை வேலை செய்கிறவர்களுக்கு அந்த மாதம் திருவிருந்து கிடையாது. குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற முறையில், அதைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுத்தவன் நான்.

விதியில் முதலில் மாட்டியது அவர் மனைவியே. சித்தி ஆஸ்பத்திரி நர்ஸ். ஞாயிறு மதிய டியூட்டி தப்பாது. நாலு வருஷமாகத் திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் அவரைத் தாண்டியே போயின. கடைசி பெஞ்சில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். "ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?" என்று பெருமைப்படுவார் சித்தப்பா.

ஒரு திருவிருந்து ஞாயிறு, போதகர் காலையில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போன அடுக்குமாடியில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. சித்தப்பாவுக்குப் போன் வந்தது. கருவிப் பையை எடுக்காமலே கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

"வாட்ச்மேன் தம்பி, நான் சொல்றேன், நீ செய். நீதான் எங்க சபை இல்லையே!"

"ஐயோ சார், எனக்குக் கரண்டுன்னாலே பயம்."

உள்ளேயிருந்து போதகர் கத்தினார்: "ஏம்ப்பா, மூச்சு முட்டுது! ஆடு குழியில விழுந்தா ஓய்வுநாள்லயும் தூக்கலாம்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே!"

"ஆட்டுக்கு வசனம் இருக்கு ஐயா. லிஃப்டுக்கு இருக்கா?"

"அப்போ என்னை ஆடுன்னே வச்சுக்க!"

சித்தப்பா மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றினார். வேலை ஐந்து நிமிடம். யோசித்தது அரை மணி.

அன்று அவரும் சித்தி பக்கத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பம் தாண்டிப் போனபோது முகம் சுண்டிவிட்டது. மறுநாளே விதிக்குக் கீழே புது வரி முளைத்தது: "லிஃப்டில் சிக்கியவரை மீட்பது வேலை ஆகாது."

சித்தி அதை இரண்டு தடவை படித்தார். "அப்போ என் வார்டுல இருக்கிறவங்களையெல்லாம் லிஃப்டுல படுக்கவைக்கவா?"

"அது வேற, இது வேற."

அடுத்த திருவிருந்துக்குச் சித்தி டியூட்டி உடுப்போடு நேராக வந்து முன்னால் நின்றார். சித்தப்பா எழுந்தார். "ஐயா, விதி..."

"உட்காருப்பா" என்று சொல்லிவிட்டு, போதகர் அப்பத்தைச் சித்தி கையில் வைத்தார்.

சித்தப்பா உட்காரவில்லை. அவசரக் கூட்டம் போட வேண்டுமென்று கமிட்டிக்காரர்களுக்குச் சைகை காட்டினார். அவர்களோ ஞாயிறும் வேலை பார்க்கிற பஸ் டிரைவருக்கும் பேக்கரிக்காரருக்கும் வழிவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். சித்தி கண்ணை மூடி மெதுவாக மென்றார்.