அப்பா எழும்பாத ஞாயிறுகள்

எனக்குக் கோவையாக எழுத வராது. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. இப்போது நினைவும் முன்னுக்குப் பின்னாகத்தான் வருகிறது. அப்பாவைப் பற்றியது என்பதால் துணிந்து எழுதுகிறேன். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்முனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் முஸ்லிம் குடும்பங்கள். கிறிஸ்தவர்களை அங்கே வேதக்காரர் என்பார்கள். வேதக்காரர் வீடு எது என்று கேட்டால் எங்களைத்தான் காட்டுவார்கள். நாவிதன்வெளியில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் வயல். அவருடையது மேட்டில், எங்களுடையது பள்ளத்தில். ஒரு மாரியில் வெள்ளம் வந்தபோது தன் வயலைக் காப்பாற்றப் பெரியப்பா நடு வரம்பை வெட்டிவிட்டார். அவருடைய தண்ணீரெல்லாம் எங்கள் பயிருக்குள் இறங்கியது. அவர் அறுத்தார். எங்களுக்கு மாட்டுக்குப் போட வைக்கோல்கூட மிஞ்சவில்லை.

அந்த வருடம் காலையில் மரவள்ளிக்கிழங்கு, இரவில் வேறு சட்டியில் அதே கிழங்கு. அப்பா நிந்தவூரில் பெரிய நிலக்காரரான ஒரு முஸ்லிம் போடியாரின் வயலில் கூலிக்குப் போனார். வழக்குப் போடலாமா என்று அவரிடமே யோசனை கேட்டாராம்.

“வேணாம் தம்பி. காக்காவும் தம்பியும் கோட்டுக்குப் போனா, கடைசியில ரெண்டு பேர்ர வயலையும் நான்தான் வாங்க வேண்டி வரும்” என்று போடியார் சிரித்தாராம். காக்கா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

அப்பா வழக்குப் போடவில்லை. பெரியப்பாவோடு கதைக்கவுமில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்கள் கோயிலில் திருவிருந்து. பெரியவர்கள் முன்னுக்குப் போய் முழங்காலில் நின்று அப்பமும் திராட்சை ரசமும் வாங்குவார்கள். பகையை மனதில் வைத்துக்கொண்டு அதை வாங்கக்கூடாது என்பது ஒழுங்கு. அதை யாரும் அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. பெரியப்பா முதல் ஆளாகப் போவார். அப்பா மட்டும் மர வாங்கில் எழும்பாமல் உட்கார்ந்தபடியே இருப்பார். சபை முழுவதும் அவரைத் தாண்டி நடக்கும்.

சின்னப் பிள்ளை எனக்கு அந்த ஒழுங்கு தெரியாது. கோயில் வாசலில் ஒருத்தி, “உங்கட அப்பா என்ன களவெடுத்தவரா? போதகர் அவருக்குக் குடுக்கிறல்லயே” என்று கேட்டுவிட்டாள். நான் நேரே போதகரிடம் போனேன். ஊருக்குப் புதிதாக வந்தவர், மீசைகூடச் சரியாக வராத இளைஞர்.

“எங்கட அப்பா களவெடுக்கல்ல ஐயா. அவருக்கும் குடுங்க” என்றேன். அதோடு அழுகை வந்துவிட்டது.

அன்று பின்னேரம் போதகர் சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மா வெறும் தேத்தண்ணி கொடுத்தார்.

“உங்கட மகள் உங்களுக்காகக் கதைக்க வந்தவ” என்றார் போதகர்.

அப்பா கூசிப்போனார். “நான் என்ன செய்ய ஐயா? கண்ண மூடினா அந்த வரம்புதான் தெரியுது. அதோட வந்து கைய நீட்டேலாது.”

“உங்கட அண்ணன் நீட்டுறார்தானே!” என்று அம்மா அடுப்படியிலிருந்து குத்தினார்.

“அது அவர்ர பாடு, புள்ள.”

“அண்ணன் என்ன செய்யோணும் எண்டு நினைக்கிறீங்க?” என்று போதகர் கேட்டார்.

“பிழை செஞ்சிட்டன் எண்டு ஒரு வார்த்த. அது போதும்.”

“சொல்லாட்டி?”

“தேத்தண்ணி ஆறுது ஐயா” என்றார் அப்பா. போதகர் வேத வசனம் ஒன்றும் எடுத்துச் சொல்லவில்லை. சின்னதாக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாள் அப்பா நிந்தவூருக்குப் போகவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, “நீதானே போய்க் கதைச்ச, வா” என்று என்னையும் கூட்டிக்கொண்டு நாவிதன்வெளிக்குப் போனார். வரம்பு வெட்டினபடியே வாய் பிளந்து கிடந்தது. அப்பா மண்ணை வெட்டி அந்த வாயில் போடத் தொடங்கினார். ஒவ்வொரு வெட்டுக்கும் பெரியப்பாவை ஒரு பேச்சு. கோயிலில் சொல்லக்கூடிய பேச்சுகள் அல்ல அவை.

பிறகு பெரியப்பாவும் மண்வெட்டியோடு வந்தார். மறுபக்கத்திலிருந்து அவரும் அடைக்கத் தொடங்கினார். மத்தியானத்தில் வரம்பு நடுவில் வந்து பொருந்தியது. அம்மா கிழங்கும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக் கட்டிய பொட்டலத்தை அப்பா அவிழ்த்து, பாதியை என் கையில் தந்தார்.

“பெரியப்பாட்ட குடு.”

பெரியப்பா வாங்கி வெகுநேரம் தின்னாமல் வைத்திருந்தார். பிறகு கடித்துவிட்டு, “சம்பல்ல உப்புக் கூடிப்போச்சு” என்றார்.

“அவ கோவத்துல அரைச்சது” என்றார் அப்பா.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

வீட்டில் அம்மா, “உங்கட அண்ணன் பிழை எண்டு சொன்னாரா?” என்று கேட்டார். “இல்ல அம்மா, உப்புக் கூடிப்போச்சு எண்டார்” என்று நான்தான் சொன்னேன்.

வந்த முதல் ஞாயிறு அப்பா வாங்கிலிருந்து எழும்பினார். எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. அப்பாவின் கோபம் தீர்ந்துவிட்டது, அதனால்தான் வயலுக்குப் போனார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னையும் சொந்தங்கள் நோகடித்த பிறகுதான் விளங்கியது. அப்பா கோபத்தோடேயேதான் போயிருக்கிறார். அது தீரட்டும் என்று காத்திருந்தால் கடைசிவரை அந்த வாங்கில்தான் இருந்திருப்பார்.

ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வெட்டுக்குள் ஏற்கெனவே கொஞ்சம் புது மண் கிடந்ததுபோலவும் ஒரு நினைவு இருக்கிறது. பெரியப்பா எங்களுக்கு முந்தியே வந்து தொடங்கியிருந்தாரோ? அவருடைய பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். அப்பாதான் முந்தினார் என்று நான் சொன்னது பிழையாக இருந்தால், எனக்குச் சந்தோசம்தான்.