மார்லிஸின் வேன்

ஆர்டன் கிளெப்புக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. கேட்டவர்களிடம் இதைச் சொன்னார், கேட்காதவர்களிடமும் சொன்னார். தரைவிரிப்புக் கடையில் அவர் விற்பனையாளர். படுக்கையறைக்குக் கம்பளம் பார்க்க வந்த புதுமணத் தம்பதிகூட இதைக் கேட்காமல் கடையை விட்டு வெளியேற முடியாது.

"நான் ரெண்டு சக்கரத்துல போறவன். கூண்டுக்குள்ள உட்கார எனக்கு வராது."

கார், வேன், டிரக் என்று நாலு சக்கரத்தில் ஓடும் எதற்கும் அவருடைய மோட்டார்சைக்கிள் கிளப்பில் கூண்டு என்றுதான் பெயர். கடை மூடும் நேரம் வந்ததும் ஆர்டன் பின்வாசல் வழியாகப் போய், பால் அதிகமாகிப்போன காபியின் நிறத்தில் நிற்கும் ஒரு வேனில் ஏறி, இருக்கைக்குக் கீழே சூட்டைத் திருகிவிட்டுக்கொண்டு, வீடு போய்ச் சேருவார்.

அந்த வேன் மார்லிஸுடையது. மார்லிஸ் அவர் மனைவி.

லாக்ராஸ் நகரத்து அந்தக் கிளப்பில் எந்த ஆணுக்கும் கார் கிடையாது. எல்லாம் மனைவிகளுடையவை. பனி தள்ளும் தகடு பொருத்திய பிக்கப், படகு இழுக்கும் ஜீப், பின்கண்ணாடியில் மான் வேட்டை ஸ்டிக்கர் ஒட்டிய டிரக் என எதைக் காட்டிக் கேட்டாலும் வீட்டுக்காரியோடது என்பார்கள். விவாகரத்தானவர்கள் முன்னாள் மனைவியைச் சொன்னார்கள். கிளப்பின் தலைவர் ஹார்லன் டிட்மருடைய மனைவி இறந்து நெடுநாளாகிறது. அவர் ஓட்டிய டிரக் இன்னும் அந்த அம்மாளுடையதாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வாண்டா உணவகத்தில் காலைச் சாப்பாடு. முன்னால் பைக்குகள் மட்டும் நிற்கலாம். கூண்டில் வந்தவர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய், எண்ணெய்க் கழிவு டிரம்முக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சமையலறை வழியாக உள்ளே வரவேண்டும். இது கிளப் விதி. விஸ்கான்சினில் நவம்பர் பிறந்ததிலிருந்து ஏப்ரல் வரைக்கும் முன்பக்கம் ஓர் ஈ காக்கை இருக்காது. பின்னால் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். முட்டை பொரித்துக்கொண்டிருக்கும் வாண்டா, பனிச்சேறு அப்பிய பூட்ஸுகளைப் பார்த்துப் பார்த்துத் திட்டுவார். மேசையில் உட்கார்ந்ததும் பேச்சு உடனே நெடுஞ்சாலைக்கும் காற்றுக்கும் சுதந்திரத்துக்கும் போய்விடும். ஆர்டன் ஒரு படி மேலே போனார். ஜனவரி மாதக் கடுங்குளிரில், சூடான வேனில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கொண்டுவந்து உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

அந்த மேசையில் "என் வேன்" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பாபி சீவர்ட். வெள்ளை நிறச் சரக்கு வேன், ஒரு காலத்தில் பூக்கடைக்காரருடையது. கதவில் மங்கிப்போன ரோஜாக்கள் இன்னும் தெரியும். பாபி அதற்குள் பைக்கை ஏற்ற ஒரு சறுக்குப் பலகையும் கட்டுவதற்குப் பட்டைகளும் வைத்திருந்தார். கிளப்பில் யாருடைய பைக் எந்தக் காட்டில் நின்றாலும் போன் அவருக்குத்தான் போகும். ஆர்டனின் பைக்கை அதே வேனில் ஏற்றி வந்திருக்கிறார். அதற்காக ஆர்டன் வாயை அடக்கிக்கொண்டதில்லை; பாபியைப் பெண்பிள்ளை போலக் கூப்பிட்டுக் கேலி செய்வார்.

"என்னம்மா பூக்கடை, இன்னைக்கு மல்லி என்ன விலை?"

"உனக்கு மாலையாத்தான் தருவேன். படுத்துட்டுச் சொல்லு, கொண்டாறேன்."

மார்லிஸுக்கு அந்த வேன் என்றைக்கும் பிடித்ததில்லை. அவர் கேட்டது சின்னதாக, சிவப்பாக ஒரு கார். ஆர்டன்தான் கடை கடையாக ஏறி இறங்கி இதைப் பிடித்தார். இருக்கைகளை மடித்துத் தரைக்குள் தள்ளிவிடலாம், பின்னால் கொக்கி மாட்டி டிரெய்லர் இழுக்கலாம். பணம் அவர் கொடுத்தார். பெயர் மட்டும் மார்லிஸ் கிளெப் என்று எழுதச் சொன்னார். கிளப்பில் யாராவது எப்போதாவது வேனின் முன்பக்கப் பெட்டியைத் திறந்து பதிவுக் காகிதத்தைப் பார்த்துவிட்டால்? அந்த அளவுக்கு யோசிக்கக்கூடிய மூளை அவருக்கு இருந்தது. வேறு எதற்கும் அவர் அதைச் செலவழித்ததாகத் தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம் சவுத் டகோட்டா மாநிலத்து ஸ்டர்ஜிஸில் மோட்டார்சைக்கிள் திருவிழா. லாக்ராஸிலிருந்து டயர் தரையில் பட அவ்வளவு தூரமும் ஓட்டிப்போகிறவர்களுக்குக் கிளப் ஒரு சின்ன வெள்ளித் தகடு தரும். தோல் சட்டையின் மார்பில் குத்திக்கொள்ளலாம். பத்துத் தகடு சேர்ந்தால் வாண்டா உணவகத்துச் சுவரில் பெயர்ப் பலகை. இதுவரைக்கும் அந்தச் சுவரில் ஹார்லன் பெயர் மட்டும்தான் இருந்தது. ஆர்டனிடம் ஒன்பது தகடுகள் இருந்தன. அந்தப் பத்தாவது தகட்டுக்காக அவர் எதையும் செய்வார், ஓட்டிப்போவதைத் தவிர.

தொடக்கத்தில் ஓட்டித்தான் போனார். ஒரு வருடம் சவுத் டகோட்டாவில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, அதே கிளப்பைச் சேர்ந்த வெண்டெல் ஃபிளூக், தன் மனைவியுடைய டிரக்கில், பைக்கை டிரெய்லரில் கட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்டபடி கடந்து போனதைப் பார்த்தார். வெண்டெலும் அவரைப் பார்த்தார். அடுத்த வருடத்திலிருந்து இருவரும் கூட்டாளிகள். கிளப் கிளம்புவதற்கு முந்தின நாளே கிளம்பிவிடுவார்கள்.

"கூட்டத்தோட போறது ஊர்வலம்ப்பா. தனியாப் போறதுதான் சவாரி," என்பார் ஆர்டன்.

வேன் மார்லிஸுடையது, டிரெய்லர் வெண்டெலுடையது. இந்த வருடம் வெண்டெல் பெரிய பைக் வாங்கிவிட்டார். அகலமான கைப்பிடி, முன்னால் உயரமான கண்ணாடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றினால் கைப்பிடிகள் முட்டிக்கொண்டன.

"ஒண்ணைத் திருப்பி நிறுத்தணும்," என்றார் வெண்டெல்.

"உன்னோடதைத் திருப்பு."

"என்னோடதுல கண்ணாடி இருக்கு. பின்பக்கமாக் காத்து அடிச்சா பிச்சுக்கிட்டுப் போயிடும். உன்னோடதுலதான் கண்ணாடி இல்லையே. கண்ணாடி கிழவிகளுக்குன்னு போன வாரம் என்னை வாண்டா கடையில வச்சு நாறடிச்சியே."

ஆர்டனுடைய பைக் பின்புறம் முன்னால் இருக்கும்படி ஏறியது.

மிசிசிப்பி ஆற்றைத் தாண்டி, மினசோட்டாவின் சோளக்காடு தாண்டி, சவுத் டகோட்டாவின் புல்வெளிக்குள் போனபோது வெட்டுக்கிளிகள் மேகமாக எழுந்தன. இருவரும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு, குளிர்காற்றுக் குழாயை ஆளுக்கொரு பக்கம் திருப்பிக்கொண்டு, கூண்டில் போகிறவர்களின் அற்பத்தனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

ஸ்டர்ஜிஸுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பண்ணைக்காரரின் வைக்கோல் நிலம். திருவிழா வாரத்தில் அங்கே வேன்களும் டிரெய்லர்களும் வரிசை வரிசையாக நிற்கும். மண்டையோடு போட்ட சட்டைகள் அணிந்த ஆண்கள் தங்கள் மனைவிகளுடைய வண்டிகளிலிருந்து பைக்கை இறக்குவார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பொதுக் கழிப்பறையின் நாகரிகம் அங்கே இருந்தது.

ஆர்டன் தயாரானார். கால்சட்டையில் மண்ணை வாரித் தேய்த்தார். தலையைக் கலைத்துக்கொண்டார். பிறகு, பனிக்காலத்தில் வேன் கண்ணாடியைச் சுரண்டும் பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, கண்ணாடியில் அப்பியிருந்த வெட்டுக்கிளிகளைப் பக்குவமாகப் பெயர்த்து, தன் பைக்கின் ஹெட்லைட்டில் ஒவ்வொன்றாக ஒட்டினார். சட்டையின் மார்பிலும் இரண்டு. தூர நின்று பார்த்தார். திருப்தியாக இல்லாததால் இன்னொரு இறக்கை சேர்த்தார்.

வெண்டெல் அவசரப்படுத்தினார். "போதும்ப்பா. பொண்ணு பார்க்கவா போறோம்?"

பைக்கின் பின்பக்கத்தை ஆர்டன் பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஓட்டுகிறவனின் முதுகை மற்றவர்கள்தானே பார்க்கவேண்டும் என்பது அவர் எண்ணம்.

கிளப்பின் கூடாரங்கள் ஓடைக்கரையில் இருந்தன. மறுநாள் மதியம் தகடு கொடுக்கும் சடங்கு. கரியடுப்பில் இறைச்சிக் குழல்கள் வெடித்துக்கொண்டிருந்தன. பாபி பூ வேனில் வந்து இறங்கினார். முழங்காலில் அறுவை நடந்திருந்தது. பைக்கை வேனுக்குள் கட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். எனக்குத் தகடு வேண்டாம், பீர் போதும் என்றார்.

ஆர்டனுக்கு அன்று வாய் கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

"கூண்டுல வந்தவங்க அந்தப் பக்கம் நிறுத்தணும்மா. இது ஓட்டிட்டு வந்தவங்க இடம்."

பாபி பீரைக் கையில் வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, ஆர்டனின் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றினார். பின்னால் போய் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா ஆர்டன். வழியில காத்து எப்படி?"

"எதிர்க்காத்து. கொன்னுடுச்சு."

"அப்படியா? வெட்டுக்கிளி பின்னாலயிருந்துல்ல துரத்திட்டு வந்திருக்கு."

பின்விளக்கில், நம்பர் பலகையில், இருக்கையின் முதுகில், இடைவெளியில்லாமல் வெட்டுக்கிளிகள் நசுங்கிக் காய்ந்திருந்தன. ஹெட்லைட்டில் ஆர்டன் ஒட்டியவை அவற்றுக்கு முன்னால் மிகவும் ஏழ்மையாகத் தெரிந்தன. எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். வெண்டெல் மட்டும் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டு ஓடையைப் பார்த்தார்.

"ரிவர்ஸ்லயே வந்தியா ராசா?" என்றார் பாபி. "உன் வேன் இப்ப எங்க நிக்குது?"

"என் வேனா? எனக்கு ஏதும்மா வேன்? அது மார்லிஸோடது. லாக்ராஸ்ல நிக்குது."

ஹார்லன் தொண்டையைச் செருமினார். அவருடைய பைக்கில் முன்னாலும் பூச்சி இல்லை, பின்னாலும் இல்லை. மூடிய டிரெய்லரில் வந்த பைக்கில் எப்படி இருக்கும்? ஒருவர் வாலைப் பார்க்க ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

"மார்லிஸைக் கேட்டுட்டா முடிஞ்சுது. போன் போடு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

ஆர்டன் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். பத்தாவது தகடு ஹார்லனின் உள்ளங்கையில் மின்னிக்கொண்டிருந்தது.

"மார்லிஸ்! கிளப் மொத்தமும் கேட்டுட்டு இருக்காங்க," என்றார் அவசரமாக. "அந்த வேன் யாரோடது, சொல்லு."

"எந்த வேன்?"

"நம்ம... அந்த வேன்."

"நம்மளோடதா? சரியாச் சொல்லு ஆர்டன்."

"உன்னோடது."

"லைன் சரியில்ல. சத்தமாச் சொல்லு."

"வேன் உன்னோடது மார்லிஸ்! எனக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல!"

"ஆமா, என்னோடதுதான். வாசல்லதான் நிக்குது. காலையிலதான் கழுவினேன்."

ஹார்லன் தகட்டைக் குத்தினார். குத்திய வேகத்தில் சட்டையோடு ஆர்டனின் மார்புத் தோலும் கொஞ்சம் மாட்டியது. கைதட்டினார்கள். வாலில் பூச்சி இருக்கக்கூடியவர்கள் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். பாபி வேனிலிருந்து ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து ஆர்டனின் தோளில் போட்டார்.

"பின்னால துடைச்சுக்கோ."

வீடு திரும்பியபோது ஆர்டனுக்கு மனம் நிறைந்திருந்தது. மார்லிஸ் பொய் சொன்னதற்கு நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றி, மறந்துபோனார். திருவிழா முடியும்வரை மார்லிஸ் பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போனது அவர் நினைவில் வரவே இல்லை. பெயர்ப் பலகைக்கு எந்த எழுத்து எடுப்பாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து பைக்கில் வந்தபோது வாசலில் சின்னதாக, சிவப்பாக ஒரு கார் நின்றது.

"யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல. என் கார்," என்றார் மார்லிஸ்.

"வேன் எங்க?"

"வித்துட்டேன்."

"வித்துட்டியா? யாரைக் கேட்டு வித்த?"

"என் வண்டியை விக்க நான் யாரைக் கேக்கணும்? ஒரே கையெழுத்துதான் கேட்டாங்க. என்னோடது. சந்தேகம்னா உன் கிளப்புல கேளு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீதானே கத்தின."

ஆர்டன் அந்தக் காரின் பின்னால் போய்ப் பார்த்தார். கொக்கி இல்லை. கொக்கி மாட்ட இடமும் இல்லை.

"பனி விழுந்தா நான் எதுல போறது?"

"ரெண்டு சக்கரத்துல. கூண்டுக்குள்ள உட்கார உனக்குத்தான் வராதே."

"யாரு வாங்கினா? அதையாவது சொல்லு."

"வெண்டெலோட வீட்டுக்காரி. வெண்டெல் சும்மா கூட வந்தான். இருக்கை சூடாகுதான்னு ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்தான்."

அந்த டிசம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் வெண்டெல் வந்து ஹாரன் அடிப்பார். ஆர்டன் ஹெல்மெட்டோடு வெளியே வந்து, ஓட்டுகிறவர் உட்காரும் இடப்பக்கக் கதவைத் திறந்து, வலப்பக்கம்தான் இனித் தன் இடம் என்று நினைவு வந்து, சுற்றிக்கொண்டு போய் ஏறுவார்.

"இந்தப் பக்கம் சூட்டைப் போடேன்ப்பா."

"அதைத் தொடக்கூடாதுன்னு என் வீட்டுக்காரி சொல்லியிருக்கா. வண்டி அவளோடது, நான் என்ன பண்றது?"

ஒரு ஞாயிறு, வாண்டா உணவகத்தின் பின்னால், எண்ணெய் டிரம்முக்குப் பக்கத்தில் அவர்கள் இறங்கியபோது பாபி பூ வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். காபி நிற வேனை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கயோ பார்த்த வண்டி மாதிரி இருக்கே. யாரோடது ஆர்டன்?"

"வெண்டெல் வீட்டுக்காரியோடது," என்றார் ஆர்டன்.

சமையலறைக்குள் புகுந்து, வாண்டாவின் திட்டை வாங்கிக்கொண்டு, தன் பெயர்ப் பலகைக்கு நேர் கீழே போய் உட்கார்ந்து, ஹெல்மெட்டை உருளைக்கிழங்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.